கப்பு பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது

எங்கள் நாட்குறிப்பு நோட்டுகளைப் படிக்கிறவர்கள், விருத்தாசலத்தில் ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவுப் பிள்ளைகளுக்கு இட்லியைத் தவிர வேறு எதுவும் கிடைப்பதில்லை என்றுதான் நினைப்பார்கள். ஒருத்தர் விடாமல் அப்படித்தான் எழுதியிருந்தோம். 'காலையில் எழுந்தேன். பல் துலக்கினேன். குளித்தேன். இட்லி சாப்பிட்டேன். பள்ளிக்கு வந்தேன். வீட்டுக்குப் போனேன். படித்தேன். தூங்கினேன்.' ஒரு மாதமாக இதே பாட்டு. பக்கிரி மட்டும் முதல் நாள் எழுதிவிட்டு, மறுநாளிலிருந்து 'மேற்படி' என்று போட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைக்கும் மேற்படி. அன்றைக்கும் பள்ளிக்கூடம் வந்தானாம்.

எங்கள் தமிழாசிரியை ஜெயஸ்ரீ மிஸ் நோட்டுக் கட்டை மேசைமேல் வைத்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"ஏன் பசங்களா, இந்த ஊர்ல ஒரு வூட்டுல கூட பழைய சோறு கெடையாதா? யாருக்கும் கோவம் வராதா? யாரும் அழுவறதே இல்லியா? உண்மைய எழுதுங்கப்பா. மனசுல இருக்கறத எழுதுங்க."

சொல்லிவிட்டார். எப்படி எழுதுவது? அந்த நோட்டை மிஸ் மட்டுமா படிக்கிறார்? வீட்டில் அம்மாவோ அப்பாவோ கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகு ஹெச்.எம். சக்கரபாணி சார் சிவப்பு மையில் போட வேண்டும். தம்பியைக் கிள்ளினேன் என்று எழுதினால் அம்மா கையெழுத்துக்குப் பதிலாகக் கரண்டியை எடுப்பார். கணக்குப் பாடம் பிடிக்கவில்லை என்று எழுதினால், அந்தக் கணக்குப் பாடத்தை நடத்துகிறவரே ஹெச்.எம்.தான். உண்மையை எழுதச் சொல்கிறவர்கள் முதலில் அதைப் படிக்கிறவர்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். இது என் கருத்து. இதை நான் நோட்டில் எழுதவில்லை.

என் பெயர் தென்றல். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், எனக்குக் கோபம் சட்டென்று வரும். கணக்கில் என் மதிப்பெண் பதினேழு. நூற்றுக்குத்தான். அறிவியலில் அதைவிடக் கொஞ்சம் தேவலாம். ஆனால் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில், மிஸ் எங்களைக் கவிதை எழுதச் சொல்கிற அந்த ஒரு மணி நேரத்தில், நான் முட்டாள் இல்லை. நான் ஒரு வரி சொன்னால் வகுப்பு திரும்பிப் பார்க்கும். வாரம் முழுக்க அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் யூனிபார்மை மாட்டிக்கொண்டு வருகிறேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அது எனக்கு வேண்டும்.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. ஒருநாள் ஸ்டாஃப் ரூம் வாசலில் ஹெச்.எம். சார் மிஸ்ஸிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் சாக்பீஸ் எடுக்கப் போனவள், எடுக்காமல் நின்றேன்.

"ஏம்மா, அடுத்த வருஷம் பத்தாவது. கவித எழுதுனா பரீட்சையில மார்க்கு வருமா?"

"மனசுக்கு நல்லது சார்."

"மனசுக்கு மார்க்கு இல்லியேம்மா. சரி, எலக்கிய மன்ற விழாவுக்கு கல்வி ஆபீஸர் அம்மா வராங்க. இந்தக் கவித பீரியடப் பத்தி அவங்க வாயால 'நல்லா இருக்குது'ன்னு ஒரு வார்த்த வரட்டும். பீரியடு ஒங்களுது. வரலன்னா அடுத்த வெள்ளிக்கெழமையிலேருந்து கணக்கு ஸ்பெஷல் கிளாஸு."

சார் கெட்டவர் இல்லை. சிரிக்க மாட்டார், அவ்வளவுதான். போர்டு நிறையக் கணக்கைப் போட்டுவிட்டு, "புரிஞ்சிதா?" என்று கேட்பார். "புரிஞ்சிது சார்" என்று நாங்கள் கோரஸாகச் சொல்வோம். இரண்டு தரப்பும் பொய் சொல்லிவிட்டு நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போவோம்.

விழாவில் படிப்பதற்கு நாங்கள் எழுதி வைத்திருந்த கவிதைகளை நினைத்தால் பீரியடு போனது போலத்தான். 'மரம் வளர்ப்போம் மழை பெறுவோம்' என்று ஏழு பேர் எழுதியிருந்தார்கள். அதைக் கேட்டால் மரமே ஊரை விட்டு ஓடிவிடும். எனது 'நீர்தான் நமக்கு உயிர்'. அதைப் பற்றி மேலே பேச வேண்டாம்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

எங்கள் அம்மா ஆண்டாள் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன செராமிக் ஷெட்டு வைத்திருக்கிறார். கொலு பொம்மை, ஊறுகாய் ஜாடி, கப்பு, எது கேட்டாலும் செய்வார். விழாவில் விருந்தாளிகளுக்கு டீ கொடுக்க ஐம்பது கப்பு வேண்டும் என்று ஹெச்.எம். அம்மாவிடம்தான் சொல்லியிருந்தார். "செராமிக் ஊர்ல ஒக்காந்துக்கிட்டு பேப்பர் கப்புல டீ குடுத்தா அசிங்கம்" என்று அழைப்பிதழிலேயே நாகரிகமான தமிழில் அச்சடித்திருந்தார். அந்தக் கப்புகள் அச்சிலிருந்து எடுக்கப்பட்டு, ஷெட்டில் பலகைமேல் காய்ந்துகொண்டிருந்தன.

சூளைக்குப் பக்கத்தில் வளர்கிற பிள்ளைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியில் சொல்ல முடியாததைக் காய்ந்த பச்சை மண்ணில் பென்சிலால் எழுதி விட்டுவிடுவோம். மேலே கிளேஸில், அதாவது பீங்கான் பூச்சில், முக்கி எடுத்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக மூடிக்கொள்ளும். அப்புறம் சூளை. அந்த நெருப்பில் பென்சில் எழுத்து தடம் தெரியாமல் எரிந்துபோகும். கிளேஸ் உருகிக் கண்ணாடி மாதிரி ஆகும்போது அடியில் ஒன்றும் இருக்காது. என் அரையாண்டு மதிப்பெண்ணை நான் ஒரு யானையின் வயிற்றில் எழுதியிருக்கிறேன். அந்த யானை யார் வீட்டுக் கொலுவிலோ தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, ரகசியத்தைத் தின்றுவிட்டு.

இதை மிஸ்ஸிடம் சொன்னேன். "மிஸ், நோட்டுல எழுதுனா எல்லாரும் படிப்பாங்க. கப்புல கவிதயா எழுதட்டும். நெருப்பு தின்னுடும். நீங்க மட்டும் ஒரு தடவ பாத்துக்கலாம். உண்ம வந்து பழகிடுச்சின்னா அப்புறம் நோட்டுலயும் விழாக் கவிதையிலயும் தானா வரும்."

மிஸ் என்னையே பார்த்தார். "ஒனக்குக் கணக்குலயா பதினேழு?" என்றார்.

சனிக்கிழமை அம்மா உளுந்தூர்பேட்டைக்கு பொம்மை டெலிவரி கொடுக்கப் போயிருந்தார். வகுப்பே ஷெட்டுக்கு வந்துவிட்டது, மிஸ்ஸும் வந்தார். அலமாரியில் ஒரு புது டப்பா நிறையக் கூர் சீவிய பென்சில் இருந்தது. எங்கள் வீட்டில் முழுப் பென்சிலைப் பார்ப்பதே அபூர்வம். மகிழ்ச்சியாக எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தேன். கப்பின் உள்ளே, அடியில், பொடி எழுத்தில் எழுத வேண்டும் என்று ஏற்பாடு.

பக்கிரிக்குப் பென்சில் முனையை நக்கி நக்கி எழுதுகிற பழக்கம். நக்கிவிட்டு முகத்தைச் சுளித்தான். "ஏ தென்றலு, இந்தப் பென்சிலு மண்ணு மாரி இருக்குதுடி."

"நீ எழுத வந்தியா, தின்ன வந்தியா?" என்றேன். அவன் நாக்குக்கு நான் மரியாதை கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை.

எரிந்துபோகும் என்று தெரிந்ததும் பிள்ளைகளுக்கு எங்கிருந்து அவ்வளவு வந்தது என்று தெரியவில்லை. ஒரு மாதம் இட்லி சாப்பிட்டவர்கள் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு எழுதினார்கள். முதல் ரேங்க் எடுக்கிற கோகுலகிருஷ்ணன் எழுதும்போது மூக்கை உறிஞ்சினான். கயல்விழி எழுதிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டாள். மிஸ் ஒவ்வொரு கப்பாக எடுத்து உள்ளே பார்த்தார். நடுவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அவரும் ஒரு கப்பை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய் எழுதினார்.

"எரிஞ்சி போயிடுமேடி" என்றார் கிளம்பும்போது. உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார்.

"அதுக்குத்தானே மிஸ் எழுதுனோம்" என்றேன்.

நானே எல்லாக் கப்புகளையும் கிளேஸில் முக்கிப் பலகையில் அடுக்கினேன். வெள்ளை வெளேரென்று, ஒன்றும் அறியாத பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தன. ஊரிலிருந்து வந்த அம்மா, கேட்காமலே வேலை செய்த என்னைப் பார்த்து நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார்.

விழா நாள் வந்தது. சூளையிலிருந்து சரக்கு இறங்கவே மத்தியானம் ஆகிவிட்டது. இறக்கியவர்கள் கப்புகளைக் கவிழ்த்தபடியே வைக்கோலில் அடுக்கிக் கட்டிவிட்டார்கள். கப்புக்குள்ளே எட்டிப் பார்க்கிற வேலை அங்கே யாருக்கும் இல்லை. அம்மா ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் புடவை மாற்ற வீட்டுக்கு ஓடினார். நானும் பக்கிரியும் எங்கள் வகுப்பு வளவனும் குழாயடியில் கழுவ உட்கார்ந்தோம். கூட்டம் ஏற்கனவே உட்கார்ந்துவிட்டது. மைக்கில் 'ஹலோ, ஹலோ' கேட்டது.

முதல் கப்பைத் திருப்பினேன். உள்ளே அடியில், கறுப்பாக, பளபளவென்று, கண்ணாடி போட்டு மாட்டிய படம் மாதிரி பக்கிரியின் கையெழுத்து.

"நல்லா வந்துருக்குதே" என்றான் பக்கிரி பெருமையாக. அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது.

இரண்டாவதைத் திருப்பினேன். இருந்தது. மூன்றாவது, நான்காவது, எல்லாவற்றிலும் இருந்தது. ஆணி வைத்துச் சுரண்டிப் பார்த்தேன். கிளேஸுக்கு அடியில் இருக்கிற எழுத்தை ஆணி என்ன செய்யும்?

அந்த நேரம் பார்த்து அம்மா பட்டுப் புடவையில் வந்தார். கப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அலமாரியில இருந்த பென்சிலயா எடுத்தே?"

"ஆமாம்மா. புதுசா இருந்துச்சி."

"அடி பாவி! அது பொம்மைக்குக் கண்ணு எழுதற பென்சிலுடி! கலர் கம்பெனிக்காரரு சாம்பிளு குடுத்துட்டுப் போனாரு. சூளையில போட்டாலும் அழியாம நிக்கறதுக்குன்னே செஞ்சது அது. பாக்க சாதாரண பென்சிலு மாரிதான் இருக்கும்." இன்னும் நிறையச் சொல்லியிருப்பார். யாரோ வந்து அம்மாவை முன்வரிசையில் உட்காரக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கப்பு செய்தவர் என்ற மரியாதை.

ஹெச்.எம். மேடையில் பேசிக்கொண்டிருந்தார். "நம் ஊர் மண்ணில், நம் பெற்றோர் செய்த கோப்பைகளில், இப்போது தேநீர் வழங்கப்படும்." பேப்பர் கப்பு வாங்கி வர நேரமில்லை. வாங்கினாலும் அழைப்பிதழே சாட்சி.

"டீய ஊத்திட்டா எழுத்து தெரியாதுல்ல?" என்றான் வளவன்.

இந்த ஒரு வாக்கியத்துக்காக அவனை மெச்சினேன். ஆனால் நான் மெச்சி முடிப்பதற்குள் அவன் எல்லாக் கப்பிலும் டீயை ஊற்றிவிட்டான். ஆபத்தில்லாத கப்புகளைப் பிரித்து மேடைக்கு அனுப்பலாம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். இனி எது யாருடையது என்று கடவுளுக்குத்தான் தெரியும். என்னுடைய கப்பும் அதில்தான் எங்கேயோ கிடந்தது. அதில் நான் எழுதியிருந்தது ஹெச்.எம். சாரைப் பற்றி. அதிகாரி அதைப் படித்தால் 'நல்லா இருக்குது' எங்கே வரும்? வெள்ளிக்கிழமை பீரியடுக்கு அன்றைக்கே பாடை கட்டிவிடுவார்கள்.

வகுப்பையே கூப்பிட்டு உத்தரவு போட்டேன். "ஆளுக்கு ஒரு டீத் தூக்கு. மேடையிலயும் முன்வரிசையிலயும் யார் கப்பும் பாதிக்குக் கீழ எறங்கக் கூடாது. எறங்குனா ஊத்து. வேண்டாம்னு சொன்னாலும் ஊத்து."

அன்றைக்கு எங்கள் பள்ளி கொடுத்த மாதிரி உபசரிப்பை எந்தக் கல்யாண வீட்டிலும் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். ஒரு வாய் குடித்தால் உடனே ஒரு கை வந்து ஊற்றியது. பெற்றோர் சங்கத் தலைவர் தனக்கோடி ஐயா மளிகைக் கடைக்காரர், எதையும் வேண்டாம் என்று சொல்லிப் பழகாதவர். ஐந்தாவது தடவை ஊற்றும்போது கண் கலங்கினார். "போதும்மா, சுகர் இருக்குது" என்றார். "பரவாயில்லைங்க ஐயா" என்று சொல்லிக் கயல்விழி ஊற்றிவிட்டாள். ஒரு பெரியவர் கப்பின் மேல் கையை வைத்து மூடினார். பக்கிரி விரலிடுக்கு வழியாக ஊற்றினான்.

மிஸ்ஸிடம் மட்டும் காதில் விஷயத்தைச் சொன்னேன். "என்னோடதும் இருக்குதாடி?" என்றார். தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகு அவரும் ஒரு தூக்கை எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார்.

சிக்கல், ஆபீஸர் செல்வநாயகி அம்மாதான். அந்த அம்மாவுக்கு டீ உயிர். சூடு பார்க்காமல் மடக் மடக்கென்று குடித்தார். நான் ஊற்றுவதும் அவர் குடிப்பதும் பந்தயம் மாதிரி நடந்தது. நடுவில் மைக்கைப் பார்த்து, "டீ ரொம்ப நல்லா இருக்குது" என்றார்.

பக்கிரி மேடை ஓரத்திலிருந்து துள்ளினான். "சொல்லிட்டாங்கடி! நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டாங்க! பீரியடு நமக்குத்தான்!"

"டீயத்தான்டா சொன்னாங்க, மடையா."

அடுத்து கவிதை வாசிப்பு. 'மரம் வளர்ப்போம்' முதலாவது மரம் ஆரம்பித்தது. ஆபீஸர் கொட்டாவியை மறைக்கக் கப்பை வாயருகே தூக்கினார். இரண்டாவது மரத்தில் கப்பு பாதி. நான் தூக்கைச் சாய்த்தேன். இரண்டு சொட்டு விழுந்தது. டீத் தூள் கொஞ்சம் விழுந்தது. அவ்வளவுதான், டீ தீர்ந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் தூக்கைக் கவிழ்த்துக் காட்டினார்கள்.

மூன்றாவது மரம் வளரும்போது ஆபீஸர் அண்ணாந்து கடைசி வாயைக் குடித்துவிட்டுக் கப்பை இறக்கினார். உள்ளே பார்த்தார், கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இழுத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். கையைக் காட்டி மரத்தை நிறுத்தினார். பிறகு மைக்கைப் பக்கத்தில் இழுத்து, யாரும் கேட்காமலே படித்தார்.

"எங்க ஸ்கூலு பாத்ரூமுக்குத் தாழ்ப்பா இல்ல
உள்ள போனா பாட்டுப் பாடணும்
ஆள் இருக்குதுன்னு தெரியணுமே
பாடிப் பாடி ஒரு வருஷமாச்சி
இப்ப எனக்கு வராத ராகம் இல்ல."

அப்புறம் கூட்டம் பந்தலே ஆடுகிற மாதிரி சிரித்தது. ஹெச்.எம். முகத்தில் இருந்த கொஞ்சம் நிறமும் போனது. ஆபீஸர் சிரித்து இருமி, "எல்லாக் கப்புலயும் இருக்குதா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை யாராலும் தடுக்க முடியவில்லை. அதுவரை டீ வேண்டாம் என்று கெஞ்சியவர்கள் எல்லோரும் ஒரே மூச்சில் குடித்தார்கள். தனக்கோடி ஐயா ஆறாவது கப்பைச் சுகரையும் மறந்து காலி செய்துவிட்டு எழுந்து நின்று படித்தார்.

"மொதோ ரேங்க் எடுத்தா சைக்கிளுன்னாங்க. எடுத்தேன்.
அடுத்த தடவயும் எடுத்தா சைக்கிளாம்.
சைக்கிளு முன்னாடி ஓடுது
நான் பின்னாடி ஓடுறேன்."

"எவன் வூட்டுப் புள்ளடா இது?" என்று அவர் கேட்க, கோகுலகிருஷ்ணனின் அப்பா நாற்காலியில் நெளிந்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் விலாவில் இடித்து, "வாங்கிக் குடுய்யா" என்றார். எங்கள் அம்மாவுக்குக் கயல்விழியின் கப்பு வந்திருந்தது. பட்டுப் புடவையோடு எழுந்து, பொம்மை விற்கிற குரலில் படித்தார்.

"கொசுவே, வூட்டுல நாலு பேரு இருக்குறோம்
என்ன மட்டும் ஏன் கடிக்கிற?
சரி கடி.
ஒனக்காச்சும் என்ன புடிச்சிருக்குதே."

சிரிப்பு இறங்குவதற்குள் கயல்விழியின் அம்மா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு, அதே கையால் ஒரு குட்டும் வைத்தார். கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு தாத்தா, யார் எழுதியது என்று தெரியாமல், உரக்கப் படித்தார்.

"ஒரு நாளாவது லேட்டா வரணும்
வெளிய நில்லுன்னு சொல்லணும்
வேப்ப மரத்துக் காத்து வாங்கிக்கிட்டு
பாடமே இல்லாம நிக்கணும்."

"இது சோம்பேறி" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஜெயஸ்ரீ மிஸ் தூக்குக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். இதுவும் என்னுடையது இல்லை. அதுவும் இல்லை. கூட்டத்தில் எல்லாக் கப்பும் காலியாகிவிட்டது. ஒரே ஒரு கப்பு மட்டும் ஆறிப்போன டீயோடு, ஆடை படிந்து, மேடையில் ஹெச்.எம். முன்னால் இருந்தது. அவர் டீ குடிப்பதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

"ஹெச்.எம். சார், ஒங்களோடது?" என்றார் ஆபீஸர்.

"நான் டீ குடிக்கறதில்லைங்க மேடம்."

"இன்னிக்கி குடிங்க."

சார் மருந்து குடிக்கிற மாதிரி மூக்கைப் பிடிக்காத குறையாகக் குடித்தார். கப்பைச் சாய்த்து உள்ளே பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. நான் பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"சத்தமா சார்" என்றார் ஆபீஸர்.

சார் சூத்திரம் சொல்கிற அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தார்.

"எக்ஸைக் காணோம்னு சாரு தேடுறாரு
போர்டு பூரா தேடுறாரு
எங்களையும் தேடச் சொல்றாரு.
ரெண்டாவது வரியில நானும் காணாமப் போறேன்
தெனமும் போறேன்.
எக்ஸு கெடச்சிடுது.
மணி அடிச்சிடுது.
என்ன யாரும் தேடல."

முதல் மூன்று வரிக்குச் சிரித்தவர்கள் கடைசி வரியில் சிரிக்கவில்லை. சாரும் கப்பைக் கீழே வைக்கவில்லை. "யாரு இது?" என்றார்.

நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு முழுக்க ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தது. காட்டிக்கொடுப்பதில் மட்டும் எங்கள் ஒற்றுமை அப்படி. கையைத் தூக்கினேன். அழுகை வந்தது. கோபத்தில் வந்ததா பயத்தில் வந்ததா தெரியவில்லை. சார் "ம்" என்றார். அவ்வளவுதான்.

ஆபீஸர் கிளம்பும்போது பக்கிரியின் கப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். "மொதல்ல தாழ்ப்பா போடுங்க சார்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். 'நல்லா இருக்குது' என்று டீயைத் தவிர எதையும் சொல்லவில்லை. நான் ஜீப் மறைகிற வரைக்கும் காத்திருந்து பார்த்தேன்.

அந்த வாரமே பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் வந்தது. பக்கிரிக்குத்தான் வருத்தம். இப்போது அவன் பாடினால் யாருக்கும் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்தது. எல்லோரும் கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, தூக்கு மேடைக்குப் போகிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். யாரும் வரவில்லை. சாரும் வரவில்லை, மிஸ்ஸும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஜெயஸ்ரீ மிஸ் கையில் ஒன்றும் இல்லாமல், அவசரமே இல்லாமல் வந்து வாசலில் நின்றார்.

"லேட்டாயிடுச்சி" என்றார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வகுப்புத் தலைவி கயல்விழி எழுந்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "லேட்டா வந்தா வெளிய நில்லுங்க மிஸ்" என்றாள்.

மிஸ் போய் வேப்ப மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். புடவைத் தலைப்பு காற்றில் பறந்தது. ஜன்னல் வழியாக நாங்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வராந்தா வழியாக ஹெச்.எம். வந்தார்.

"என்னம்மா இங்க நிக்கறீங்க?"

"லேட்டு சார். வெளிய நிக்க வெச்சிட்டாங்க."

சார் மிஸ்ஸைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "அஞ்சு நிமிஷம் போதும்மா. பீரியடு போயிடும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். பீரியடு எங்களுடையதுதான் என்பது அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது. பக்கிரி கணக்கு நோட்டைக் கூரைக்கு எறிந்தான். அது மின்விசிறியில் பட்டு இரண்டாகத் திரும்பி வந்தது.

திங்கட்கிழமை முதல் பீரியடு கணக்கு. சார் வழக்கம் போல வந்து, வழக்கம் போலச் சிரிக்காமல், போர்டு நிறைய எழுதினார். எக்ஸ் காணாமல் போனது. தேடினார். கிடைத்தது. நாங்கள் "புரிஞ்சிது சார்" சொல்லத் தயாராக வாயைத் திறந்தோம்.

சார் கேட்கவில்லை. சாக்பீஸோடு திரும்பி, பெஞ்சு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டு வந்து என்னிடம் நின்றார்.

"எக்ஸு கெடச்சிடுச்சி. தென்றல் எங்க?"

வகுப்பு சிரித்தது. நான் எழுந்து நின்றேன்.

"எந்த வரியில காணாமப் போன?"

போர்டைப் பார்த்தேன். பொய் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

"ரெண்டாவது வரியில சார்."

சார் டஸ்டரை எடுத்தார். கீழே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, இரண்டாவது வரிக்குப் போனார்.